பாம்புக்கடி: கயிறு ஏன் கட்டக் கூடாது?

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை "அறிவிக்கை செய்ய வேண்டிய நோய்" என்று ஆணையிட்டது. 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்த ஆணை. செய்தியைப் படித்த பலருக்கும் எழுந்த முதல் கேள்வி, பாம்பு கடிப்பது எப்படி நோயாகும் என்பதுதான். காலரா மாதிரி பரவுமா என்ன?

பரவாது. இந்தப் பட்டியலில் ஒரு பாதிப்பைச் சேர்ப்பதற்கு அது தொற்றுநோயாக இருக்க வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ, அந்தப் பாதிப்போடு யார் வந்தாலும் சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் இதன் பொருள். எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை பேர் என்ற கணக்கு இருந்தால்தான் மருந்தை எங்கே இருப்பு வைப்பது என்று முடிவு செய்ய முடியும். கர்நாடகம் இதே முடிவை அதே ஆண்டின் தொடக்கத்தில் எடுத்திருந்தது. 2030-க்குள் பாம்புக்கடிச் சாவுகளைப் பாதியாகக் குறைப்போம் என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் ஒரு தேசியத் திட்டத்தை வெளியிட்டது.

கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை இரண்டு எண்களை அருகருகே வைத்தால் புரிந்துகொள்ளலாம். 2016 முதல் 2020 வரையிலான அரசுப் பதிவுகளின்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள். வீடு வீடாகப் போய் இறப்புக்கான காரணத்தை விசாரித்த பெரிய ஆய்வு ஒன்று, 2000 முதல் 2019 வரை சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர் என்று மதிப்பிட்டது. முதல் எண் ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்து வந்தது, இரண்டாவது எண் வீட்டுத் திண்ணையில் கேட்டு எழுதியது. இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் பெரும்பகுதி, ஆஸ்பத்திரி வாசலை எட்டாமலே இறந்தவர்கள்தான்.

அதாவது, கடித்த இடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே நடக்கும் விஷயங்கள்தான் இங்கே பெரும்பாலான உயிர்களைத் தீர்மானிக்கின்றன. அந்த நேரத்தில் கூட இருப்பவர்கள் செய்வதற்குப் பெயர்தான் முதலுதவி. நம் ஊர்களில் வழிவழியாக வந்த பாம்புக்கடி முதலுதவிகளில் அநேகமாக எல்லாமே தவறு. ஏன் தவறு என்று புரிய வேண்டுமானால், விஷம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நான்கு பாம்புகளும் ஒரு பெயர்க் குழப்பமும்

இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் உண்டு. பெரும்பாலானவை மனிதனைக் கொல்லும் விஷம் இல்லாதவை. சாவுகளில் மிகப் பெரும்பங்குக்குக் காரணம் நான்கே பாம்புகள்தான்.

1. நல்ல பாம்பு. நாகம் என்றாலும் இதுதான். படம் எடுக்கும். நெல், எலி இருக்கும் இடமெல்லாம் வரும்.
2. கட்டுவிரியன். பளபளக்கும் கருப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள். இரவில் மட்டும் நடமாடும்.
3. கண்ணாடி விரியன். தடித்த பழுப்பு உடம்பு, முதுகில் சங்கிலி போலக் கோத்த வட்டங்கள். சீண்டினால் குக்கரில் ஆவி போவதைப் போலச் சீறும்.
4. சுருட்டை விரியன். ஒரு முழம், ஒன்றரை முழம்தான் இருக்கும். உடம்பை மடித்து மடித்துச் செதில்களை உரசி அரம் போட்டது போலச் சத்தம் எழுப்பும். காய்ந்த, கல்லாங்குத்தான நிலங்களில் அதிகம்.

இதில் ஒரு சிக்கல் தமிழிலேயே இருக்கிறது. மூன்று பாம்புகளின் பெயரும் "விரியன்" என்று முடிகிறது. ஆனால் கட்டுவிரியன் விரியன் குடும்பமே கிடையாது. அது நல்ல பாம்பின் பங்காளி. கண்ணாடி விரியனும் சுருட்டையும்தான் உண்மையான விரியன்கள். "விரியன் கடிச்சா ரத்தம் வரும், வீங்கும்" என்று கேட்டு வளர்ந்த ஒருவர், கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமே இல்லையே என்று நிம்மதி அடைந்தால் அது உயிரை வாங்கும் நிம்மதி.

இன்னொரு பக்கம், பயப்படத் தேவையில்லாதவற்றுக்குப் பயப்படுகிறோம். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, பிணம் எரிவதை மரத்தின் மேலிருந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கும் என்று கதை உண்டு. மரத்தில் வாழும் அந்த ஒல்லிப் பாம்பால் மனித உயிருக்கு ஆபத்தே கிடையாது. மலைப்பாம்புக் குட்டியையும் மண்ணுளியையும் கண்ணாடி விரியன் என்று அடித்துக் கொல்வது வாடிக்கை. கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். எனவே பாம்பை அடையாளம் காண்பதில் நம் திறமையை அவ்வளவாக நம்ப வேண்டாம். நல்லவேளையாக, சிகிச்சைக்கு அது கட்டாயத் தேவையும் இல்லை. காரணம் பின்னால் வரும்.

விஷம் உள்ளே போய் என்ன செய்கிறது?

பாம்பு விஷம் ஒற்றைப் பொருள் அல்ல. பல புரதங்களின் கலவை. எந்தப் புரதம் தூக்கலாக இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பாதிப்பு மாறும். முக்கியமாக மூன்று வழிகள்.

முதலாவது, நரம்பு வழி. நாம் கையை அசைக்க நினைத்ததும், நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்து தசையில் உள்ள வாங்கிகளில் போய் உட்காரும். உடனே தசை சுருங்கும். நல்ல பாம்பின் விஷம் அந்த வாங்கிகளில் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுகிறது. பூட்டுக்குள் வேறொரு சாவியை ஒடித்து வைத்த மாதிரி. நரம்பு கட்டளை அனுப்புகிறது, தசைக்குப் போய்ச் சேர்வதில்லை. கட்டுவிரியன் விஷம் இன்னும் மோசம். பூட்டை விட்டுவிட்டு, சாவி செய்கிற பட்டறையையே, அதாவது நரம்பின் நுனியையே சிதைத்துவிடுகிறது.

முதலில் சோர்பவை சின்னச் சின்னத் தசைகள். இமை தானாகக் கீழே இறங்கும். பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரியும். நாக்கு குழறும். எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழியும். தலையைத் தூக்கிப் பிடிக்க முடியாது. கடைசியில் மூச்சு விட உதவும் தசைகள் நின்றுபோகும். இதயம் அப்போதும் துடித்துக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டாவது, இரத்த வழி. இது உண்மையான விரியன்களின் வேலை. இரத்தம் உறைவதற்கு ஃபைப்ரினோஜென் முதலான சில பொருட்கள் வேண்டும். விரியன் விஷம் அவற்றைத் தேவையே இல்லாமல் தூண்டிவிட்டு, உடம்பெங்கும் வீணாகச் செலவழிக்க வைக்கிறது. கொஞ்ச நேரத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். அப்புறம் ஈறில் இரத்தம், சிறுநீரில் இரத்தம், பழைய காயத்திலிருந்து இரத்தம், சில சமயம் மூளைக்குள்ளும். கண்ணாடி விரியன் கூடுதலாகச் சிறுநீரகத்தையும் அடிக்கும். கடிபட்டவருக்குச் சிறுநீர் குறைகிறது என்றால் அலட்சியம் கூடாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்ணாடி விரியன் கடித்தவர்களில் சிலருக்கு இமை சரிவதும் உண்டு. ஆக, "இது நரம்பு விஷம், அது இரத்த விஷம்" என்று பள்ளிப் புத்தகத்தில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி உடம்பில் நடப்பதில்லை.

மூன்றாவது, கடித்த இடத்துச் சதையையே அழிப்பது. வீக்கம், கொப்புளம், கருத்துப்போதல். விரியன்களும் நல்ல பாம்பும் இதைச் செய்யும். கட்டுவிரியன் அநேகமாகச் செய்யாது.

இனி விஷம் நகரும் பாதை. விஷப் புரதங்களில் பெரும்பகுதி தோலுக்கடியிலிருந்து நிணநீர்க் குழாய்கள் வழியாகத்தான், அதாவது திசுக்களில் ஊறும் நீரை இரத்தத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் மெல்லிய குழாய்கள் வழியாகத்தான், மெல்ல மேலேறுகிறது. நிணநீருக்கு இதயம் போலத் தனிப் பம்பு கிடையாது. நாம் அசையும்போது தசைகள் பிழிந்து தள்ளுவதுதான் அதற்குப் பம்பு. இந்த ஒரு தகவலிலிருந்தே முதலுதவியின் பாதி கிடைத்துவிடுகிறது. கால் அசையாவிட்டால் விஷம் மெதுவாகப் போகும். பதறிப்போய் வரப்பு மேல் ஓடினால், நாமே பம்பு அடித்து விஷத்தை ஏற்றுகிறோம்.

கடித்ததே தெரியாத கடி

கட்டுவிரியனுக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. முதலுதவி தொடங்குவதே இது பாம்புக்கடி என்று உணர்ந்த பிறகுதானே? இந்தப் பாம்பு அந்த முதல் படியையே பறித்துவிடுகிறது.

மழைக்கால இரவு. தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவரைக் கட்டுவிரியன் கடிக்கிறது. அதன் பல் சின்னது, வலி கொசுக்கடி அளவுதான், வீக்கம் வராது. பலர் விழிப்பதுகூட இல்லை. விடியற்காலையில் வயிறு பிசைகிறது, வாந்தி வருகிறது. வீட்டில் வாயு என்று சொல்லிச் சோடாவோ சீரகத் தண்ணீரோ கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் "கண்ணைத் திறக்க முடியலை" என்கிறார். தூக்கக் கலக்கம் என்று நினைக்கிறார்கள். அடுத்து பேச்சு குழறுகிறது. கிராமங்களில் இரவில் பாம்பின் பெயரைச் சொல்லாமல் "பூச்சி" என்பார்கள். அந்தப் பூச்சியைத்தான் யாரும் பார்க்கவில்லையே, சந்தேகம் வருவதற்குள் மூச்சே திணறத் தொடங்கிவிடும்.

அதனால் இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம்: தரையில் படுத்து எழுந்தவருக்குக் காலையில் காரணமில்லாத வயிற்று வலியும் இமைச் சரிவும் சேர்ந்து வந்தால், கடித்த தடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாம்புக்கடி என்றே வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். குழந்தைகள் விஷயத்தில் இது இரட்டிப்பு உண்மை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுவிரியன் விஷம் முழுதாகப் பிடித்தவர் கை கால் அசையாது, கண் திறக்காது, கண்பாவை விரிந்து வெளிச்சத்துக்கும் சுருங்காது. பார்த்தால் இறந்துவிட்டார் என்றே தோன்றும். ஆனால் விஷம் நிறுத்தியது தசைகளைத்தான், மூளையை அல்ல. சுற்றி நடப்பது அவர் காதில் விழுந்துகொண்டிருக்கக்கூடும். அவருக்காக வேறு யாராவது மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால், நாட்கள் கழித்துக்கூட எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார். நாடித்துடிப்பு இருக்கும்வரை "முடிஞ்சு போச்சு" என்று யாரும் சொல்லக் கூடாது.

செய்ய வேண்டியவை

1. பாம்பிடமிருந்து விலகி, கடிபட்டவரை உட்கார அல்லது படுக்க வையுங்கள். தைரியம் சொல்லுங்கள். இது வெறும் ஆறுதல் அல்ல. பயந்தால் துடிப்பு ஏறும், உடம்பு நிலைகொள்ளாது. கடித்ததில் பெரும்பாலானவை விஷமில்லாத பாம்புகள், விஷப்பாம்பும் பல நேரம் விஷத்தை இறக்காமல் வெறுமனே கடிக்கும் என்பதெல்லாம் உண்மை. அதைச் சொல்லலாம். ஆனால் அந்த உண்மையை நம்பி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

2. 108-ஐ அழையுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, அரைஞாண், இறுக்கமான செருப்பு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. மெட்டியையும் தாலிக்கொடியையும் கழற்ற வீட்டுப் பெரியவர்கள் தயங்குவார்கள். கழுத்திலிருப்பது இருக்கட்டும். கடிபட்ட கை காலில் இருப்பது கட்டாயம் போக வேண்டும்.

4. எலும்பு முறிந்தால் எப்படிக் கட்டுவோமோ அப்படி, ஒரு சட்டத்தையோ குச்சியையோ வைத்து, துண்டால் தளர்வாகச் சுற்றி, கை காலை அசையாமல் வையுங்கள். துணிக்கு அடியில் விரல் நுழைய வேண்டும்.

5. நடக்க விடாதீர்கள். கட்டிலோடு தூக்குங்கள், நாற்காலியில் தூக்குங்கள். வண்டி வராத இடம் என்றால் பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொண்டு போகலாம். வராத ஆம்புலன்ஸுக்காகக் காத்திருப்பதைவிட அது மேல்.

6. வாந்தி வந்தாலோ மயக்கம் வந்தாலோ இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலை விழுங்க முடியாதவர் மல்லாந்து படுத்தால் அதுவே மூச்சை அடைக்கும். அதனால்தான் சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது.

7. மூச்சு நின்றால், அதாவது மார்பு எழவில்லை, நாடி மட்டும் இருக்கிறது என்றால், வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மூக்கைப் பொத்தி, தாடையை உயர்த்தி, ஐந்து ஆறு விநாடிக்கு ஒரு முறை. நாடியும் இல்லை என்றால், அல்லது இருக்கிறதா என்று தெரியவில்லை என்றால், மார்பின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 ஊதல். ஆஸ்பத்திரி வரும்வரை.

ஏழாவதைத் தவிர மற்ற எல்லாமே நேரத்தை மிச்சப்படுத்துவதும் விஷத்தை மெதுவாக்குவதும்தான். பொதுமக்கள் கையால் நேரடியாக உயிரைப் பிடித்து நிறுத்த முடிகிற இடம் அந்த ஏழாவது. கிராமத்தில் இரண்டு பேருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும் என்பேன்.

கூடாதவை

கயிறு கட்டுவதில் தொடங்குவோம். தலைப்பே அதுதான்.

கடிவாய்க்கு மேலே துண்டையோ கயிற்றையோ இறுக்கிக் கட்டினால் விஷம் ஏறாது என்பது பார்க்க நியாயமான யோசனை. தவறு எங்கே? விஷம் போவது நிணநீர்க் குழாய் வழியே. கயிறு நிறுத்துவது இரத்தக் குழாயை. முழுதாக இறுக்கினால் காலுக்கு இரத்தம் போகாது. ஏற்கெனவே சதையை அரிக்கும் விஷம் உள்ளே, வெளியிலிருந்து பிராணவாயு வரவில்லை. காலே அழுகிப்போகும். பாம்பு விஷத்தில் பிழைத்து, கயிற்றால் காலை இழந்தவர்கள் உண்டு. அரைகுறையாக இறுக்கினால் இரத்தம் உள்ளே போகும், வெளியே வராது. வீக்கம் கூடும். கட்டிவிட்டோம் என்ற நம்பிக்கையில் பயணம் தாமதமாகும். இதெல்லாம் போதாதென்று, கடைசியில் கட்டை அவிழ்க்கும்போது தேங்கி நின்ற விஷம் ஒரே மூச்சில் மேலேறும்.

ஆகவே ஏற்கெனவே யாராவது இறுகக் கட்டியிருந்தால் வழியில் அவசரப்பட்டு அவிழ்க்கவும் கூடாது. மருந்தும் மூச்சுக் கருவியும் தயாராக இருக்கும் இடத்தில், மருத்துவர் அவிழ்ப்பதுதான் பாதுகாப்பு.

இணையத்தில் தேடுபவர்களுக்கு இங்கே இன்னொரு குழப்பம் வரும். ஆஸ்திரேலியாவில் கடிபட்ட கால் முழுவதும் இழுத்தால் நீளும் கட்டுத்துணியை அழுத்திச் சுற்றச் சொல்கிறார்களே? ஆம். அங்குள்ள முக்கிய விஷப்பாம்புகள் சதையை அதிகம் அழிப்பதில்லை, நரம்பையும் இரத்தத்தையும் தாக்குகின்றன. அந்தக் கட்டு நிணநீரை மட்டும் தடுக்கும் அளவுக்கு அழுத்தத்தோடு, பழகிய கையால் போடப்படுவது. நம்மூரில் கடித்தது விரியனாக இருக்க வாய்ப்பு அதிகம். விஷத்தை ஒரே இடத்தில் அடைத்து வைத்தால் அந்த இடம்தான் போகும். இந்திய நெறிமுறை பொதுமக்களுக்கு இதைச் சொல்லாததற்குக் காரணம் அதுவே.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம்.

- பிளேடால் கீறுவது: விரியன் கடித்தவரின் இரத்தம் உறையாது. நீங்கள் போட்ட கீறலே நிற்காமல் ஒழுகும்.
- வாயால் உறிஞ்சுவது: விஷம் திசுக்களுக்குள் இறங்கிவிட்டது. மேலே கசியும் இரத்தம்தான் வாய்க்கு வரும்.
- விஷக்கல், கோழிக்குஞ்சை வைப்பது, ஐஸ், மின்சாரம், சுண்ணாம்பு, பச்சிலை: பயன் இல்லை, சிலவற்றால் புண்.
- கடிவாயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவது: அசைவு கூடும்.
- வேப்பிலை அல்லது மிளகாய் கொடுத்துக் கசக்கிறதா, உறைக்கிறதா என்று பார்ப்பது: கடிபட்டவர் என்ன சொன்னாலும் அது விஷத்தைப் பற்றி ஒன்றையும் சொல்லாது. விழுங்க முடியாதவர் வாயில் எதையாவது போடுவதே ஆபத்து.
- வலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன்: இரத்தக்கசிவைக் கூட்டும்.
- பாம்பைத் தேடி அடிப்பது: நேரம் வீண், இன்னொருவர் கடிபடுவார். வெட்டிய தலைகூடக் கொஞ்ச நேரம் அனிச்சையாகக் கடிக்கும். தூரத்திலிருந்து போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் சரி. இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அப்படியானால் மந்திரித்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

நியாயமான கேள்வி. ஒவ்வொரு ஊரிலும் ஒரு விஷக்கடி வைத்தியர் இருந்திருப்பார். அவரிடம் போய்ப் பிழைத்தவர் நாலு பேராவது சாட்சி சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

கணக்கைப் பாருங்கள். கடித்ததில் பெரும்பங்கு விஷமில்லாத பாம்பு. மிச்சமுள்ள விஷப்பாம்புக் கடிகளிலும் கணிசமானவற்றில் விஷம் இறங்குவதில்லை. இரையைக் கொல்லத்தான் அதற்கு விஷம் தேவை, மிதித்த காலைத் துரத்த வெறும் கடியே போதும். ஆக, பத்துப் பேர் வந்தால் வைத்தியர் ஒன்றுமே செய்யாவிட்டாலும் பெரும்பாலோர் பிழைப்பார்கள். பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்வார். இறந்தவரைப் பற்றி "நேரமாகிடுச்சு, விதி" என்று முடித்துவிடுவோம். மந்திரத்தின் புகழ் இப்படித்தான் சேர்ந்தது. சிக்கல், கடித்த நிமிடத்தில் இவர் எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதுதான். மருத்துவராலும் முடியாது. அதனால்தான் அறிகுறி இல்லாதவரையும் 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிறார்கள். "ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சும் ஏன் படுக்க வச்சிருக்காங்க" என்று கோபித்துக்கொண்டு கூட்டிப்போய்விடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

போனதும் நான்கு தகவல்களைச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்குக் கடித்தது, வழியில் என்னென்ன அறிகுறி எந்த வரிசையில் வந்தது, வீட்டில் என்ன சிகிச்சை செய்தோம், அவருக்கு வேறு நோயோ ஒவ்வாமையோ உண்டா. மூன்றாவதை மறைப்பவர்கள் அதிகம், திட்டு விழும் என்று. பச்சிலையை விழுங்கியிருந்தால் அதையும் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்து ஓர் அற்புதமான எளிய சோதனை. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் சரி. தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது. எந்திரம் எதுவும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடியும். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் தவறான முடிவு வரும், கண்ணாடிதான் வேண்டும்.

விஷம் ஏறியதற்கு அறிகுறி இருந்தால் மட்டுமே விஷமுறிவு மருந்து. ஏ.எஸ்.வி. என்று சொல்வது இதைத்தான். நான்கு பாம்புகளின் விஷத்தையும் மிகச் சிறிய அளவில் குதிரைக்குச் செலுத்தி, அது உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்தெடுத்துச் செய்த மருந்து. நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து என்பதால்தான் பாம்பு எது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று முன்னே சொன்னேன்.

பொதுவாக 10 குப்பிகளில் தொடங்குவார்கள். குழந்தைக்கும் அதே 10 குப்பிதான். மற்ற மருந்தெல்லாம் எடைக்குத் தக்கபடி கொடுக்கிறார்களே, இதை மட்டும் பெரியவர் அளவுக்கு ஏன் என்று பெற்றோர் பயப்படுவது உண்டு. மருந்து முறிக்க வேண்டியது குழந்தையை அல்ல, பாம்பு இறக்கிய விஷத்தை. சின்னக் குழந்தை என்று பாம்பு அளவைக் குறைத்துக் கடிப்பதில்லையே.

குதிரையிலிருந்து வந்த புரதம் என்பதால் சிலருக்கு ஒவ்வாமை வரும். அரிப்பு, தடிப்பு, குளிர் நடுக்கம், இரத்த அழுத்தம் சரிவது. அட்ரினலின் ஊசி போட்டுச் சமாளித்துவிட்டு மருந்தைத் தொடர்வார்கள். பக்கத்தில் நிற்கும் உறவினர், "மருந்து சேரலை, நிறுத்துங்க" என்று கத்தாமல் இருந்தால் நல்லது.

விரியன் கடி என்றால் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை அந்த 20 நிமிடச் சோதனையைத் திரும்பச் செய்வார்கள். மருந்து விஷத்தை முறித்துவிடும், ஆனால் தீர்ந்துபோன உறைபொருட்களைக் கல்லீரல்தான் புதிதாகத் தயாரிக்க வேண்டும், அதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். நல்ல பாம்புக் கடியில் நியோஸ்டிக்மின் என்ற ஊசியும் உதவும். கட்டுவிரியன் கடியில் அதற்கு அவ்வளவாகப் பலன் இல்லை. சிதைந்த நரம்பு நுனி திரும்ப வளரும்வரை வென்டிலேட்டர்தான் துணை. நாட்கணக்கில் ஆகும், சிலருக்கு வாரக்கணக்கில்.

அந்தக் குப்பிக்குள் இருப்பது எந்த ஊர் விஷம்?

மருந்து செய்ய விஷம் வேண்டும். இந்தியாவின் மருந்து நிறுவனங்களுக்குப் போகும் விஷத்தில் மிகப் பெரும்பகுதி சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் போகும் வழியிலுள்ள வடநெம்மேலியிலிருந்து போகிறது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பின்பு பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றபோது, பாம்பு பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட இருளர்களுக்குப் பிழைப்பு போயிற்று. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பிடித்த பாம்பைச் சில வாரங்கள் பானையில் வைத்திருந்து, சில முறை விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. ஒரே வகைப் பாம்பானாலும் ஊருக்கு ஊர் விஷத்தின் சேர்மானம் மாறும். தமிழ்நாட்டுப் பாம்புகளின் விஷத்தால் செய்த மருந்து, ராஜஸ்தானிலோ வங்காளத்திலோ அதே வேகத்தில் வேலை செய்வதில்லை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அங்கே கூடுதல் குப்பிகள் தேவைப்படலாம். இலங்கையும் இந்திய மருந்தைத்தான் வாங்குகிறது. அங்கே அதிகம் கடிப்பதோ மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறிய குழிவிரியன். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கேரளத்திலும்கூட அது உண்டு. அந்த நான்கில் அது இல்லை. எனவே ஏ.எஸ்.வி. அதற்கு வேலை செய்யாது. ரப்பர், தேயிலைத் தோட்டங்களில் கடிபட்டவருக்கு மருந்து கொடுத்தும் இரத்தம் உறையவில்லை என்றால் மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். பாம்பின் படம் கையில் இருந்தால் உண்மையிலேயே உதவுகிற இடம் இது ஒன்று. அப்படிக் கடிபட்டவருக்குச் சிறுநீரகத்தைக் கவனிப்பதும், தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்வதும்தான் இன்றைக்கு இருக்கும் வழி. கட்டாயப் பதிவு ஒழுங்காக நடந்தால், எந்த மலை வட்டாரத்தில் 10 குப்பி போதவில்லை, எங்கே மருந்தே பிடிக்கவில்லை என்பது முதல்முறையாகத் தாளில் ஏறும்.